பெயர் வைக்கும் முன்பே கைகொடுங்கள்: தென்னாப்பிரிக்கா டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோவில் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் கோவில் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரேபேங்க், டோங்காட், வெருலம் என்று எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் நம் வீடுகளில் இன்று ஏதோ ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒரு வீட்டில் மசாலா வறுத்து அரைக்கிறார்கள். அடுத்த தெருவில் மாங்காய் ஊறுகாய் போடுகிறார்கள். இன்னொரு வீட்டில் காவடிக்கு மஞ்சள் துணி தைக்கிறார்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, படம் ஃபேஸ்புக்கில் போகிறது, சரக்கு கூரியரில் ஜோகன்னஸ்பர்க் லெனேசியா வரைக்கும் போய்ச் சேர்கிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பெயர் வைப்பதில் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

இவர்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பதும், இணையத்தில் கடை திறந்து கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் உங்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். திருவிழாவில் ஸ்டால் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பெயரைத் தேர்ந்தெடுக்கவும், அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளவும் இவர்களுக்கு உதவுங்கள்.

ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு திருவிழாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். இரண்டிலும் 'அம்மா' என்று தொடங்கும் ஒரே பெயர். சிவப்பு மூடி போட்ட அதே பாட்டில், இலவசமாகக் கிடைக்கும் அதே சுருள் எழுத்து. பாட்டிலைத் திருப்பித் தொலைபேசி எண்ணைப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும். போன வருடம் வாங்கிய எலுமிச்சை ஊறுகாய் பிடித்துப்போய் ஒருவர் தேடி வந்திருந்தார். வீட்டில் காலி பாட்டில் இல்லை, பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெயரை ஃபேஸ்புக்கில் தேடி, வேறு யாரிடமோ ஆர்டர் கொடுத்து, 'இது அந்த ருசி இல்லையே' என்று குறைப்பட்டுக்கொண்டார். இவர் நேரில் வந்ததால் விஷயம் தெரிந்தது. வராமல் போனவர்களைப் பற்றி அந்த ஊறுகாய்க்காரப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்?

அம்மா, ஆன்ட்டி, லட்சுமி, டர்பன் மசாலா. என்னிடம் வருகிற பெயர்களில் முக்கால்வாசி இந்த நான்கைச் சுற்றித்தான் இருக்கும். நல்ல பெயர்கள்தான், ஆனால் எளிதில் யாரும் தனக்கென்று சொந்தமாக்கிக்கொள்ள முடியாதவை. நம் நாட்டின் 1993ஆம் வருட வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டம், ஒரு பொருளின் வகையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பொதுவாகத் தனி ஒருவருக்குப் பதிவு செய்து கொடுப்பதில்லை. 'டர்பன் மசாலா' என்றால் டர்பனில் அரைத்த மசாலா, அவ்வளவுதான். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் இருக்கும் எந்தக் கடைக்காரரும் அதைச் சொல்லிக்கொள்ளலாம். அது நியாயமும்கூட. ரூய்போஸ் கதை நினைவிருக்கும். சீடர்பர்க் மலைப் பகுதியில் விளையும் செடி அது, நாம் அன்றாடம் குடிக்கும் தேநீர். அந்தச் சொல் 1994இல் அமெரிக்காவில் ஒரு வணிகக் குறியாகவே பதிவாகிவிட்டது. இங்குள்ளவர்கள் போராடி அதை மீட்க 2005 ஆயிற்று. எல்லோருக்கும் உரிய சொல்லை ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன பாடு என்பதற்கு அது சாட்சி. அதனால்தான் நம் பெண்கள் பொதுச் சொல்லின்மேல் தங்கள் கடையைக் கட்ட வேண்டாம் என்கிறேன்.

சாமி பெயர் விஷயத்தை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. முருகன் படம் போட்ட முறுக்குப் பாக்கெட்டைக் குழந்தை கிழித்துத் தின்றுவிட்டு மைதானத்தில் போடுகிறது. காவடி எடுத்து வருபவர் வெறுங்காலோடு அதன்மேல் நடந்து போகிறார். பக்தியோடு வைத்த பெயர், கடைசியில் மிதிபடுகிறது. வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் சாமி பெயர் எல்லோருக்கும் பொது. பக்கத்துக் கடைக்காரர் அதையே வைத்தால் எந்த முகத்தோடு போய்த் தடுப்பது? கடை திறக்கும்போது பூஜை செய்யட்டும், கல்லாவில் படம் வைக்கட்டும். பாக்கெட்டில் வேண்டாம் என்று கோவில் கமிட்டி சொன்னால் நம்மவர்கள் கேட்பார்கள்.

குடும்பப் பெயரை வைப்பவர்களும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார். முதலியை மூட்லி என்றும் மூடலி என்றும் எழுதி, அண்ணன் தம்பி வீடுகளில்கூட எழுத்து மாறிக் கிடக்கிறது. இன்றைக்கு நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. தன் சொந்தப் பெயரை நேர்மையாகக் கடைக்குப் பயன்படுத்துபவரைச் சட்டம் தடுப்பதில்லை. ஆகவே குடும்பப் பெயரைத் தனியாக வைத்தால் காவல் குறைவு. அதனோடு வேறு ஒரு தனிச்சொல் சேர்ந்தால் பரவாயில்லை.

சரி, பிறகு என்னதான் வைப்பது? இங்கேதான் உங்கள் தமிழாசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். நொச்சி, வாகை, குவளை, செருந்தி, மருதம், முல்லை, தாமிரபரணி, பொருநை என்று நம்மிடம் இருக்கும் செல்வத்துக்குக் குறைவா? பூவின் பெயரை மசாலாவுக்கும், ஆற்றின் பெயரைத் துணிக்கும் வைக்கும்போது அது பொருளை விவரிப்பதில்லை. அதனால்தான் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிகிறது. தமிழ்நாட்டில் இவற்றில் பல ஏற்கெனவே கடைப் பெயர்களாக இருக்கலாம். இங்கே தேடிப் பார்த்தால் இடம் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஒரு தடை உண்டு. நம் வாடிக்கையாளர்களில் தமிழ் எழுத்துப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெயர் ரோமன் எழுத்தில்தான் கண்ணில் படும். இந்த மாகாணத்தில் அதிகம் பேசப்படும் மொழி ஜூலு. அதில் சி, கியூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளும் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளுக்கானவை. 'செருந்தி' என்பதை சி, எச் போட்டு எழுதினால் ஜூலு வாசகர் முதல் எழுத்திலேயே வேறு ஒலி எழுப்புவார். 'தாழை'யை இசட், எச் போட்டு எழுதினால் நம் வீட்டுப் பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். மாறாக, 'த' எழுத்துக்கு நாம் போடும் டி, எச் ஜூலுவில் நமக்கு நெருக்கமாகவே ஒலிக்கிறது. 'நொச்சி', 'வாகை', 'மருதம்' போன்றவற்றில் இந்தச் சிக்கல் எவ்வளவு என்பதை ஒவ்வொன்றாக எழுதி, சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்வதுதான் சரியான சோதனை. நான் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். லோட்டஸ் எஃப்.எம்.மில் அறிவிப்பாளர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டிக்கொண்டே கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தவறில்லாமல் தட்டச்சு செய்ய முடியுமா? முடியாது என்றால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.

எண் கணிதம் பார்த்து ஒரு 'ஏ' கூடுதலாகவும் இரண்டு 'எச்' நடுவிலும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் யார். சாமி அறையில் வைக்கும் பத்திரத்தில் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். இணைய முகவரியிலும் இன்ஸ்டாகிராமிலும் மட்டும், காதில் கேட்டபடி எழுதக்கூடிய எழுத்துகளாக இருக்கட்டும்.

அப்புறம் பதிவு. இதில்தான் நம்மவர்கள் ரொம்பவும் ஏமாறுகிறார்கள். கம்பெனிப் பெயர், வணிகக் குறி, இணைய முகவரி, சமூக வலைத்தளப் பக்கம் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒன்று கையில் இருந்தால் மற்றது தானாக வராது. கம்பெனிகளையும் வணிகக் குறிகளையும் பதிவு செய்யும் அரசு அமைப்பான சி.ஐ.பி.சி.யில் 50 ரேண்ட் கட்டி, நான்கு பெயர்கள் வரை விருப்ப வரிசையில் கொடுத்து, ஒன்றை 6 மாதத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடிதம் வந்ததும் 'பெயர் எனக்குக் கிடைத்துவிட்டது' என்று ஆயிரம் லேபிள் அச்சடிக்க வருகிறார்கள். கிடைத்தது கம்பெனிக்கான பெயர் மட்டும்தான். சந்தையில் இன்னொருவர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்க வணிகக் குறிதான் வேண்டும். வீட்டிலிருந்து தனி ஆளாக விற்பவருக்குக் கம்பெனி தொடங்கும் கட்டாயமே இல்லை. வணிகக் குறியைத் தன் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

அதற்கு ஒரு வகைக்கு 590 ரேண்ட் கட்டணம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வகைக்கும் தனி விண்ணப்பம். மசாலாவும் சட்னியும் 30ஆம் வகை, ஊறுகாய் 29, துணிமணி 25, சாம்பிராணியும் ஊதுபத்தியும் 3. ஊறுகாயும் மசாலாவும் விற்பவர் 30இல் மட்டும் விண்ணப்பித்தால் ஊறுகாய்க்குக் காவல் இல்லை. பரிசீலனை முடிந்து அரசின் காப்புரிமை இதழில் விளம்பரமாகி, மூன்று மாதத்தில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவாகும். காலம் பிடிக்கும், ஆனால் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கு. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ஆர் போடும் குறியை லேபிளில் போடச் சொல்லிக் கேட்பார்கள். அது சட்டப்படி குற்றம், நான் போடுவதில்லை.

இணைய முகவரி கதை இன்னும் வேதனை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் ஆசையாகக் கடைத் தளம் செய்து கொடுத்தான். பதிவு அவன் மின்னஞ்சலில், அவன் பெயரில். பிறகு அவன் வெளிநாடு போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. முகவரி காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். லேபிளிலும், வேனிலும், கோவில் மலரில் கொடுத்த விளம்பரத்திலும் பழைய முகவரி. சண்டை இல்லை, துரோகம் இல்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான். முந்தி வந்து பதிவு செய்பவருக்கே முகவரி என்பதால், 'அது என் கடைப் பெயர்' என்று சொன்னால் மட்டும் திரும்பி வராது. அதற்கெனத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் அங்கே காட்ட வணிகக் குறி மாதிரி ஓர் உரிமை வேண்டும், செலவும் உண்டு.

பெயர் கிடைத்தபின் பிராண்டு வளர்ப்பது பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. எங்கும் ஒரே எழுத்து, ஒரே நிறம். போன மாதப் பாட்டிலும் இந்த மாதப் பாட்டிலும் ஒரே காரம். விலையைக் கேட்டவருக்கு அன்றைக்கே பதில். அவ்வளவுதான், இதை நம் பெண்கள் சொல்லாமலே செய்வார்கள்.

ஏன் சங்கங்களிடம் வருகிறேன் என்றால், தேவையான மூன்று பேரும் உங்களிடம்தான் இருக்கிறார்கள். எழுத்துச் சரியாகச் சொல்லத் தமிழாசிரியர் இருக்கிறார். விண்ணப்பம் பார்க்க வழக்கறிஞர் இருக்கிறார். உங்களில் பல கமிட்டிகளில் அவர்தான் செயலாளர். இணையத்தில் தேடிப் பார்க்கச் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்நாட்டின் 1996ஆம் வருட அரசியல் சட்டம், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வகுப்பறைக்கும் தேவாரத்துக்கும் வெளியே, சூப்பர்மார்க்கெட் தட்டில் நிற்கும் பாட்டிலில் நொச்சி என்றோ பொருநை என்றோ ஒரு தமிழ்ப் பெயரை நம் பேரப்பிள்ளைகள் பார்த்து வளர வேண்டும் என்பது என் ஆசை. உங்களுக்கும் அந்த ஆசை இருக்கும்.

மாதம் ஒரு மாலை, சங்க மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். புதிதாகத் தொடங்குபவர் லேபிள் அச்சுக்குக் கொடுக்கும் முன் அங்கே வரட்டும். வட்டாரச் சங்கங்கள் சேர்ந்து, ஸ்டால் எடுப்பவர்களின் கடைப் பெயர்களை ஒரே பட்டியலில் வைத்துக்கொண்டால், 'இந்தப் பெயரில் மெரேபேங்கில் ஒருவர் இருக்கிறார் அம்மா' என்று முதல் நாளே சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலுக்குச் சட்ட பலம் இல்லை; ஆனாலும் பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும். ஒரே பெயரில் ஏற்கெனவே இருக்கும் இருவரை உட்கார வைத்துப் பேசுவதும் உங்களால் முடியும். கடைப் பெயரைக் கமிட்டி ஓட்டெடுத்துத் தீர்மானிக்க மட்டும் வேண்டாம். யார் உழைக்கிறாரோ அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

தைப்பூசத்துக்கான ஸ்டால் விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன் அதில் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள். கடைப் பெயர் என்ன, அதைத் தேடிப் பார்த்தீர்களா, இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது. முதல் மாலைக்கு வந்து மேசையில் உட்கார நான் தயார். படிவம் அச்சடிக்கும் கூலியும் வேண்டாம்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு லேபிள் அச்சகத்தார்