லேசர் சிகிச்சைக்குப் பின் முகத்தைப் பராமரிப்பது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இயங்கும் தோல் சிகிச்சை நிலையங்களின் லேசர் விளம்பரங்கள் இப்போது வன்னியின் சிறு நகரங்கள் வரை எட்டிவிட்டன. பருத்தழும்பு, மங்கு, முகத்தில் வளரும் தேவையற்ற முடி என ஒவ்வொன்றுக்கும் எத்தனை அமர்வுகள், எவ்வளவு கட்டணம், எத்தனை வீதக் கழிவு என்பதெல்லாம் அவற்றில் விபரமாக உண்டு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் அடுத்த சில வாரங்களுக்கு முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் இல்லை. கிளிநொச்சியில் மருந்தகமொன்றில் மருந்தாளராகப் பணியாற்றுவதால், அந்தச் சில வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை அன்றாடம் காண்கிறேன்.

அண்மையில் யுவதி ஒருவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு தாயாருடன் வந்திருந்தார். பருத்தழும்புக்காக ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஒக்சைட் லேசர் செய்து சில நாட்களே ஆகியிருந்தன. இரு கன்னங்களிலும் மண்ணிறப் பொருக்கு, புள்ளி புள்ளியாக, வரிசை பிசகாமல் படிந்திருந்தது. சிகிச்சை நிலையத்தில் கொடுத்த தாள் கையில் இருந்தது, முழுவதும் ஆங்கிலம். தாயார் கேட்டது இதுதான்: “பிள்ளை, இந்தப் பொருக்கு கெதியா விழுறதுக்கு ஏதும் கிறீம் இருக்கோ? மஞ்சளும் தேசிக்காயும் பூசிப் பாத்தம், எரியுதெண்டு கத்துறாள்.”

அந்தப் பொருக்கை விழுத்துவதற்கு எதுவும் செய்யக்கூடாது என்பதை அந்தத் தாய்க்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை. இவ்வகை லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய துளைகளைச் சுட்டு உண்டாக்குகிறது; துளைகளுக்கு இடையே தொடாமல் விடப்பட்ட தோலிலிருந்தே புதுத்தோல் வளர்ந்து காயத்தை மூடுகிறது. பொருக்கு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களில் தானாகவே உதிரும். அதுவரை மிருதுவான சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு தேய்க்காமல் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனை சேராத வெறும் பெட்ரோலியம் ஜெலியை மெல்லியதாகப் பூசிக் காயத்தைக் காயவிடாமல் வைத்திருந்தால் போதும். கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் நம்பிக்கை இல்லாதவர்கள் முதல் சில நாட்களுக்குக் கொதித்தாறிய நீரைப் பயன்படுத்தலாம். தேசிக்காய்ச் சாறோ அமிலம் என்பதோடு நிற்பதில்லை. அது பட்ட தோலில் வெயிலும் படும்போது நல்ல தோலிலேயே கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகும். ஆறாத புண்ணில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மவர்களுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்கத் தோல் வைத்தியர் தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுக்கத் தொடங்கி, பின்னர் ஆறாக விரிவாக்கப்பட்ட, வெயிலில் தோல் சிவப்பதையும் கறுப்பதையும் வைத்துப் பிரிக்கும் தோல் வகைகளில் நம்மில் பெரும்பாலானோர் நான்காம், ஐந்தாம் வகையினர். இத்தகைய தோலில் எந்த அழற்சி ஏற்பட்டாலும், அது பருவாயினும் தீக்காயமாயினும் லேசராயினும், நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு அவ்விடம் எளிதில் கறுக்கக்கூடும். இந்தக் கருமை பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே தலைகாட்டுவதால், அதற்கு முன்னதாகவே “எல்லாம் ஆறிவிட்டது” என்று எண்ணி வெயிலில் இறங்கியவர்கள், பிறகு லேசர்தான் முகத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனெனில் கருமையான தோலுக்குப் பொருந்தாத சக்தி அளவில் இயந்திரத்தை இயக்கினாலும் இதுவே விளைவு. ஆனால் பின்னைய பராமரிப்பு பற்றிப் பேசாத நிலையம், தவறு யார் பக்கம் என்று நோயாளி அறியும் வழியையும் அடைத்துவிடுகிறது.

வெயில் என்று எழுதுவது எளிது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நாட்களில் முகில் இல்லாவிட்டால், வெயிலிலுள்ள புறஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் புறஊதாச் சுட்டி, உலக சுகாதார நிறுவனம் மிகத் தீவிரம் என்று வகைப்படுத்தும் 11ஐத் தாண்டும். வயலுக்கும் பாடசாலைக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் ஒருவரிடம் “வெயிலைத் தவிருங்கள்” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புவது அறிவுரை ஆகாது. தோல் திறந்திருக்கும் முதல் நாட்களில் சன்ஸ்கிரீன் பூசக்கூடாது, நிழலும் தொப்பியும் குடையுமே காப்பு. தோல் மூடிய பின்னர்தான் எஸ்.பி.எஃப். எனும் வெயில் காப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட, புறஊதாக் கதிரில் ஒரு வகையான யூ.வி.ஏ கதிரையும் தடுக்கும் கிறீமைத் தொடங்க வேண்டும். எஸ்.பி.எஃப். 30 சூரியனின் எரிக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும் என்பது ஆய்வுகூடத்தில் தாராளமாகப் பூசி அளந்த கணக்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினால்தான் அந்தக் கணக்கு ஓரளவாவது பொருந்தும். வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறத்திலுள்ள கிறீம் கூடுதலாக உதவும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது. இவற்றின் விலை குறைவல்ல. ஆகவே சிகிச்சைக் கட்டணத்தைச் சொல்லும்போதே அடுத்த மாதங்களின் கிறீம் செலவையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பேருந்தில் ஏ9 வீதி வழியாகத் திரும்புகிறவர்கள் யன்னல் ஓரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. மூடிய கண்ணாடியும் யூ.வி.ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விடும், நம் பேருந்துகளிலோ கண்ணாடி மூடியிருப்பதே அபூர்வம்.

எல்லா லேசரும் ஒன்றல்ல என்பதும் சொல்லப்படுவதில்லை. முடியகற்றும் லேசரில் தோல் திறப்பதில்லை. சிவப்பும் சிறு தடிப்பும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் அடுத்த அமர்வு வரை நூலாலோ மெழுகாலோ முடியைப் பிடுங்கக் கூடாது, ஏனெனில் லேசர் குறிவைக்கும் வேரே அப்போது இல்லாமற்போகும். சவரம் செய்யலாம். எதுவாயினும் முதல் நாட்களில் விறகடுப்பு வெக்கையில் நிற்பதும், சிகிச்சை செய்த நெற்றியில் திருநீறும் குங்குமமும் சந்தனமும் அப்புவதும் தவிர்க்க வேண்டியவை. வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென முந்திய வாரத்தில் லேசர் செய்துகொண்டு, அம்மன் முற்றத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, திருவிழா முடிந்த பிறகு செய்துகொள்ளுங்கள் என்பதே.

அடுத்தது கிறீம்கள். முகம் சிவந்ததும் பலர் நாடுவது, கடைகளில் பெயர் தெரியாமல் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்களை. அவற்றில் சிலவற்றில் அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீரொயிட்டும் வேறு சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட விடயம். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்; அழகுசாதனங்களில் அதனைக் கட்டுப்படுத்த, பாதரசம் பற்றிய 2013ஆம் ஆண்டின் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை இடம் வைத்தது. ஸ்டீரொயிட் முதலில் சிவப்பை அடக்கிக் காட்டும், பிறகு தோலை மெலிதாக்கி இரத்தநாளங்களை வெளித்தெரியச் செய்யும். வைத்தியர் மூன்று நாளுக்கென எழுதிக் கொடுப்பது வேறு, தானாக வாங்கி மூன்று மாதம் பூசுவது வேறு. பருவுக்கான ரெட்டினோயிட், பழ அமிலக் கிறீம்களையும் வைத்தியர் சொல்லும் வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள் சிகிச்சைக்கு முன்னரே அதனைச் சொன்னால், வைரஸ் எதிர்ப்பு மருந்து முற்கூட்டியே தர முடியும். சொல்லாவிட்டால் முகம் முழுவதும் பரவ வாய்ப்புண்டு. குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், காய்ச்சல், கொத்தாகக் கொப்புளங்கள் என்பன தெரிந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் அழகு மோகம் என்று ஒதுக்குவோருக்கும் ஒரு வார்த்தை. இங்கே 2009ஆம் ஆண்டுப் போரின் எறிகணைத் துண்டுகளையும் எரிகாயங்களையும் முகத்தில் சுமந்தபடி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தடித்த வடுவைத் தளர்த்தவும் நிறத்தைச் சீராக்கவும் லேசர் அவர்களுக்கு ஓரளவு உதவ முடியும். அத்தகைய முகத்தில் பராமரிப்புப் பிழைத்தால் ஏற்கெனவே உள்ள வடுவின் மேல் புதிய கருமை ஏறும்.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதன்று. எந்த லேசர், என்ன அளவு, எந்தத் திகதி, எந்த நாளில் எதைத் தொடங்கலாம், எந்த அறிகுறிக்கு யாரை அழைக்க வேண்டும் என்பவை தமிழில் ஒரு தாளில் எழுதப்பட்டு, நோயாளி வாசலைத் தாண்டுமுன் வாய்மொழியாகவும் விளக்கப்பட வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் மீண்டும் போய்வர வசதியில்லாதவர்களுக்குத் தொலைபேசியில் படம் அனுப்பிக் கேட்க ஓர் இலக்கமாவது தரப்பட வேண்டும். தங்கள் பத்திரிகையும் இவ்வகை விளம்பரங்களை ஏற்கும்போது, சிகிச்சைக்குப் பின்னரான பராமரிப்புக்குப் பொறுப்பான வைத்தியர் யார் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களிடம் கேட்க முடியுமா?

இங்ஙனம்,
மருந்தாளர் ஒருவர்,
கிளிநொச்சி.