இஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் பிரிண்ட் மேக்கிங் பிரிவின் கண்காட்சி நேற்று மாலையோடு முடிந்தது. படங்களை இறக்கி, ஃப்ரேம்களைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டோம். இன்னும் உடம்பு அசதி போகவில்லை. ஆனால் இப்போது எழுதாவிட்டால் அப்புறம் வைவா, தேர்வு என்று நாள் ஓடிவிடும். கண்காட்சிக்கு முன்னால் அந்த மழை ராத்திரியில் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் பிரிண்ட்கள் நனைந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. அதற்கப்புறம் யார் யார் எங்களோடு நின்றார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன்.

ஈரமான எட்சிங் பிரிண்ட்களை, அதாவது செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் அச்செடுத்த படங்களை, காப்பாற்றி வெளியே கொண்டுவந்து விட்டோம். ஆனால் உலர்த்துவதற்கு ஒன்றுமில்லை. ஸ்டோர் அறையில் இருந்த, ஈரத்தை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரும் நனைந்திருந்தது. எட்சிங் மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீரில் கரையாது. தாள் விஷயம் அப்படியில்லை. ஓரம் ஒரு வேகத்திலும் நடு ஒரு வேகத்திலும் காய்ந்தால் தாள் அலையலையாக எழுந்துவிடும். ஈரமாகவே அடுக்கி விட்டால் பூஞ்சை வந்துவிடும். பழைய செய்தித்தாள் கிடைக்குமா என்று கேட்கத்தான் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அவரிடம் ஓடினாள். செய்தித்தாளுக்குப் பதில் அவரே வந்துவிட்டார். ஒரு பிரிண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது பருத்தித் தாள்தானேம்மா? பேப்பர் வேணாம், அந்த மை இதுல ஒட்டிக்கும். நம்ம வீட்டுல வெள்ளைத் துணி இருக்கு, எடுத்துட்டு வாங்க."

எல்லாவற்றையும் அவர் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனோம். அவருடைய சொந்த வேட்டிகளை, வாடிக்கையாளர் துணி ஒன்றுகூட இல்லை, மடித்து மடித்துத் தரையில் விரித்தார். ஒரு வேட்டி, ஒரு பிரிண்ட், மறுபடி வேட்டி. சூடான பெட்டியை நேராகத் தாளின் மேல் வைத்து அழுத்தி விடுவாரோ என்று எங்களுக்குப் பயம். அவர் சிரித்தார். கஞ்சி போட்ட துணியே அவசரப்பட்டால் இழுத்துக்கொள்ளும், தாளுக்குச் சூடே காட்டக்கூடாது என்றார். அவர் வீட்டு அக்கா பின்கட்டில் கரி மூட்டி, ஈரம் வாங்கிய வேட்டிகளைத் தேய்த்து உலர்த்தி ஆறவைத்துத் தந்துகொண்டே இருந்தார். அண்ணன் துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். விடியும்வரை இதேதான்.

பாரம் வைக்கும் நேரத்தில் நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் டிராயிங் போர்டுகளை மேலே அடுக்கி, அதன் மேல் கரி போடாத பழைய பித்தளைப் பெட்டியை வைக்கப் போனார். சட்டென்று நிறுத்தினார். ஒரு பிரிண்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, படத்தைச் சுற்றி இருக்கும் பள்ளத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் கோடு மழையால வந்ததா, இல்ல இப்படித்தான் இருக்கணுமா?"

அது தகட்டின் தடம். பிரஸ்ஸில் உருளைக்கு அடியில் போகும்போது செம்புத் தகட்டின் விளிம்பு தாளில் பதியும் பள்ளம். அது இருந்தால்தான் எட்சிங்குக்கு அழகு. கனமான பாரத்தை வைத்திருந்தால் ஈரத் தாளில் அது அமுங்கிப் போயிருக்கும். நாங்கள் அந்த அவசரத்தில் யாரும் அதை யோசிக்கவில்லை. இப்படித்தான் இருக்கணும் என்று சொன்னதும், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தகட்டுத் தடத்துக்கு நேராக மெத்தென்று இன்னொரு மடிப்புத் துணியைக் கொடுத்து, வெறும் போர்டின் பாரத்தோடு விட்டார். முன்பின் பார்த்திராத பொருள் ஒன்றைத் தொடுவதற்கு முன்னால், இது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற மனசு அது. படிக்கிற நாங்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

காசு கொடுத்தோம். கரிக்கு ஆன பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் பேச வந்த மூத்த ஓவியருக்கும் நன்றி. அவர் வயதுக்கு, அந்த மழையில், வர முடியாது என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்லைடு போட முடியாது என்று தெரிந்ததும் தாழ்வாரத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசினார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியில்தான் அவர் படித்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாடிக் துணிகள் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கதையைச் சொன்னார். கலைஞன் பிழைப்பதற்குக் கைத்தொழில் அவமானம் இல்லை என்று அவர் சொன்னபோது, எங்களில் பலருக்கு வீட்டில் நடக்கும் சண்டைக்கே பதில் கிடைத்தது போல இருந்தது.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பற்றியும் பேசினார். சிற்பி ராய் சௌத்ரி அதைச் செய்தபோது அந்த ஓவியப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும்தான் மாதிரியாக நின்றார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். கடற்கரைக்குப் போகிற லட்சக்கணக்கான பேர் பார்க்கிற அந்த முதுகும் தோளும் ஒரு காவலாளியுடையது! அதைக் கேட்கும்போது நான் இஸ்திரி அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவோடு இரவாக வயரிங் பார்த்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன், பாக்கி கேட்காமல் டீ அனுப்பிய கேன்டீன் அக்கா, படம் மாட்டும் பலகையைப் பாதி விலைக்கு வெட்டிக் கொடுத்த ஃப்ரேம் கடைக்காரர், தங்கள் வகுப்பறையையே காலி செய்து கொடுத்த சிற்பப் பிரிவு நண்பர்கள், வாட்ச்மேன் ஐயா, எங்கள் ஆசிரியர்கள், படம் வாங்கியவர்கள், வாங்க முடியாவிட்டாலும் ரெண்டு முறை வந்து பார்த்தவர்கள். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை இஸ்திரி அண்ணன் அக்காவையும் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்தார். ஒவ்வொரு எட்சிங் முன்னாலும் நின்று, தகட்டுத் தடத்தைக் காட்டி, "இது இப்படித்தான் இருக்கணும்" என்று அக்காவுக்கு விளக்கினார். நாங்கள் யாரும் இடையில் போய்ப் பேசவில்லை. அடுத்த வருடக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று தமிழில் எழுதி வைப்போம். திறப்பு விழாவுக்கு இந்தத் தெருவில் இருக்கும் எல்லோரையும் நேரில் போய் அழைப்போம். இது நாங்கள் சும்மா சொல்வதில்லை. அடுத்த குழுவிடம் எழுதியே கொடுத்துவிட்டோம்.

வேட்டிகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டில் மட்டும் கறுப்பு மை போகவே இல்லை. அதற்குப் பதிலாகப் புது வேட்டியும், அண்ணனும் அக்காவும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒரு பிரிண்டை ஃப்ரேம் போட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டில் கொடுக்கிறோம். கூட வர விரும்புகிறவர்கள் பத்து மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
பிரிண்ட் மேக்கிங் இறுதியாண்டு மாணவர்கள் சார்பில்