உயரத்தை எழுதுகிறீர்கள், ஆயுளையும் எழுதுங்கள்

நாய் இனங்களுக்கு வரையறை எழுதும் கென்னல் கிளப்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

என் பீமன் ஒரு கிரேட் டேன், பேருருவ நாயினங்களில் ஒன்று. இரண்டு மாதக் குட்டியாக அவன் வீட்டுக்கு வந்தபோது வம்சாவளிச் சான்றிதழும் கூடவே வந்தது. தாய், தந்தை, பாட்டன், பூட்டன் என்று வரிசையாகப் பெயர்கள். பட்டம் வென்றவற்றின் பெயர்கள் மட்டும் சிவப்பு எழுத்தில். பெருமையோடு சட்டம் போட்டு மாட்டி வைத்தேன். அவன் போன பிறகு ஒருநாள் அதன் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அந்த முன்னோர்களில் ஒன்றுகூட எத்தனை வயதில், எதனால் இறந்தது என்று அதில் ஒரு சொல் இல்லை.

அந்தச் சொல்லைக் கேட்கத்தான் இந்த மடல்.

விலங்குகளில் உருவம் பெருத்தால் ஆயுளும் நீளும் என்பது பொது வழக்கம். எலிக்கு 2, 3 ஆண்டு. யானைக்கு 60, 70. நாய்களுக்குள் மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது. சின்னஞ்சிறு சிவாவா 14, 15 வயதைச் சாதாரணமாகத் தொடும்போது பேருருவ ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டுக்கு 7, 8 வயதே முதுமை. 74 இனங்களை ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உடல் எடை சுமார் 2 கிலோ கூடும்போது ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைவதாகக் கணக்கிட்டது. பெரிய நாய்க்கு முதுமை சீக்கிரமே தொடங்கிவிடுகிறது என்பதைவிட, தொடங்கிய முதுமை வேகமாக ஓடுகிறது என்பதே அந்த ஆய்வு கண்டது. நானும் அதைக் கண்ணால் பார்த்தேன். ஐந்து வயதில் பீமனின் முகவாய் நரைத்தது. ஆறில் படிக்கட்டின் கீழே நின்று என்னைப் பார்ப்பான்.

காரணம் முழுதாகத் தெளிந்துவிடவில்லை என்றாலும், வளர்ச்சியின் வேகத்துக்கு இதில் பங்குண்டு என்று பலரும் கருதுகிறார்கள். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரை கிலோ சொச்சம். ஒன்றரை ஆண்டுக்குள் 60 கிலோவை எட்டிவிடும். நூறு மடங்கு! அந்த அவசரத்துக்கு எலும்பும் மூட்டும் விலை கொடுக்கின்றன. எலும்புப் புற்றுநோய் பெரிய இனங்களின் கால்களைத் தேடி வருவதுபோல் சிறிய இனங்களைத் தேடி வருவதில்லை. இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியை உண்டாக்கும் மரபணு நாயின் உருவ அளவைப் பெருமளவு முடிவு செய்கிறது என்பது 2007-இல் தெரியவந்தது. சிறிய உடலைத் தரும் அதன் வடிவம் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாய் ஒன்றிலேயே இருந்ததாக 2022-இல் கண்டார்கள். ஆக, சிறிய உடலுக்கான வித்து நாய் என்ற ஒன்று உருவாகும் முன்பே இருந்திருக்கிறது. ஓநாயை மிஞ்சிய இந்தப் பேருருவமோ மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது.

இன்றும் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கென்னல் கிளப்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் வரையறைப்படி ஆண் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டின் தோள் உயரம் குறைந்தது 79 செ.மீ., எடை குறைந்தது 54.5 கிலோ. பேருருவமே அடைய வேண்டிய இலக்கு என்றும் அதே வரையறை சொல்கிறது. எடைக்குத் தரை போட்டீர்கள், கூரை போடவில்லை. ஆயுளுக்கோ தரையும் இல்லை.

உருவம் மட்டுமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 5,80,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2024-இல் வந்த ஆய்வில் சிறிய, நீண்ட மூக்குள்ள நாய்கள் 13 ஆண்டைத் தாண்டின. நடுத்தர அளவுள்ள, முகம் சப்பையான ஆண் நாய்கள் 9 ஆண்டை ஒட்டியே நின்றன. மூச்சுக்குழாயை நெரிக்கும் முகத்தையும் அழகென்று எழுதியது வரையறைதான். புல்டாக் குட்டிகளில் பெரும்பாலானவை வயிற்றைக் கிழித்தே வெளியே எடுக்கப்படுகின்றன. தன் குட்டியைத் தானே ஈன முடியாத உடலுக்குப் பரிசுக் கோப்பை கொடுக்க எப்படி மனம் வருகிறது? சிறிய நாய்களுக்கும் துன்பம் இல்லாமல் இல்லை. முழங்கால் சில்லு நழுவும், பல் கெடும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு இதய வால்வு தளரும்.

என்னை அதிகம் வருத்துவது, இவற்றில் பல குறைகள் காலம் கடந்து வெளிப்படுபவை என்பதுதான். டாபர்மேனின் இதயத் தசை நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் அந்த நாய் பட்டம் வென்று, பல ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையாகியிருக்கும். அது இறக்கும் செய்தி உங்கள் பதிவேட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. பிறப்பைப் பதிய இருக்கும் கட்டாயம் இறப்பைப் பதியவும் இருந்திருந்தால், எந்த வம்சம் நீண்டு வாழ்கிறது, எது இளமையிலேயே சாய்கிறது என்று வளர்ப்போர் இனச்சேர்க்கைக்கு முன்பே பார்த்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு வளர்க்கும் பலர் இன்று இருட்டில்தான் ஜோடி சேர்க்கிறார்கள்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்குப் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய் சாட்சி. தூய டால்மேஷியன்கள் எல்லாவற்றிலும் சிறுநீரில் கல் உண்டாக்கும் யூரிக் அமிலக் கோளாறு ஊறிக் கிடந்தது. 1970-களில் பாயின்டர் என்ற வேறோர் இனத்தின் ஒரே ஒரு நாயைச் சேர்த்து, பிறகு தலைமுறைகளாக டால்மேஷியனோடே கலந்து அதைச் சரிசெய்தார்கள். புள்ளியும் போகவில்லை, அழகும் போகவில்லை. ஆனால் அமெரிக்கப் பதிவேடு அந்தக் கலப்பு வம்சத்தை ஏற்றுக்கொள்ள 2011 ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தின் விலையைச் சிறுநீர்க் கற்களோடு நாய்கள்தான் கொடுத்தன.

எனவே, ஒவ்வொரு முன்னோரின் பெயரருகிலும் இறந்த வயதையும் காரணத்தையும் அச்சிடுங்கள். பெரிய இனங்களின் வரையறைகளில் எடைக்கு உச்சவரம்பு வையுங்கள். குட்டி வாங்குவோரிடம் அந்த இனத்தின் சராசரி ஆயுளையும், முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோய்களையும் எழுதிக் கொடுப்பதைப் பதிவுக்கான நிபந்தனையாக்குங்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டென்றும், இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு முன்பே தைத்து அதைத் தடுக்க வழி இருக்கிறதென்றும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஆழ்ந்த மார்பைக் கேட்பதும் உங்கள் வரையறைதான்.

பீமனின் சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இறந்த நாளுக்கு அதில் இடம் இல்லாததால் பின்புறத்தில் நானே எழுதியிருக்கிறேன்: வயது 7 ஆண்டு, 3 மாதம். இரவு வயிறு முறுக்கியது. விடியும் முன் இறந்தான். தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பீமனை வளர்த்தவர்