முகர்ந்து பார்த்துக் கல் வாங்கு

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். கடல் மீன் வளர்க்க நீ வாங்கிய தொட்டி அழகாக இருக்கிறது. 150 லிட்டர் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, அந்த மேசை தாங்குமா என்பதுதான். கண்ணாடி, மணல், கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தொடும் என்கிறார். அவருக்குத் தனியாக ஒரு பதில் எழுதிவிடு.

"எந்தக் கல் வாங்குவது அம்மா?" என்று கேட்டிருந்தாய். கடலில் கிடந்து சிற்றுயிர்கள் குடியேறிய கல்லைக் கடைக்காரர்கள் லைவ் ராக் என்கிறார்கள்; நான் உயிர்க்கல் என்றே எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் உன் தாத்தா.

நம் பழைய வீட்டின் பின்சுவரில், காரை உதிர்ந்த இடத்தில், கல் பூப்பூவாகத் தெரியும். சிறு வயதில் அந்தப் பூக்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டிருப்பாய். அது பவளக்கல். உன் தாத்தா வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், கடப்பாரையால் நெம்பி எடுத்துக் கரையில் குவித்த கல்லில் கொஞ்சம் அந்தச் சுவருக்கு வந்தது. மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது. அன்று அது ஒரு பிழைப்பு. யாரும் தவறென்று சொன்னதில்லை. குவியல் வந்து இறங்கிய முதல் நாள் கடல் வாசம் அடிக்கும். இரண்டாம் நாள் குமட்டும். கல்லின் துளைகளிலிருந்து சின்ன நண்டுகளும், நட்சத்திர மீனைப் போன்ற பாம்புவால் நட்சத்திரங்களும் வெளியே வந்து வெயிலில் துடிக்கும். நான் அவற்றைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு அலைக்கு ஓடுவேன். கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்று கல்லூரியில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கல் எடுத்ததும் கடல் மட்டம் ஏறியதும் சேர்ந்து செய்த வேலை அது. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இப்போது வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை, அதாவது பவளம் வளரும் திட்டுகளை, செய்து இறக்கியிருக்கிறார்கள். தாத்தா தலைமுறை எடுத்த இடத்தில் இந்தத் தலைமுறை திருப்பி வைக்கிறது.

ஆகவே கடைக்காரரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இந்தக் கல் எந்தக் கடலில், யார் கையால் எடுக்கப்பட்டது என்று கேள். இயற்கையான பாரிலிருந்து உடைத்து எடுத்தது என்றால் வாங்காதே. அதற்கான ஏற்றுமதிச் சீட்டு இருக்கிறது என்று காட்டினாலும் வேண்டாம். இது சட்டத்தைப் பற்றிய பேச்சு அல்ல. நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

நல்லவேளையாக நீ இருப்பது அமெரிக்காவின் டாம்பாவில். ஃபுளோரிடாவை ஒட்டிய மத்திய அரசுக் கடற்பகுதியில் இயற்கை உயிர்க்கல் எடுப்பது 1997 தொடக்கத்திலிருந்து முழுவதும் தடை. அதற்குப் பதிலாக, நிலத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுபோய், அனுமதி பெற்ற கடல் தரையில் போட்டுவைத்து, சில வருடம் கழித்து எடுக்கிறார்கள். கடலின் சொந்தக் கல்லோடு கலந்துவிடாதபடி, போடும் கல் பார்த்தாலே வேறென்று தெரிய வேண்டும் அல்லது அதில் அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கல்லை முதலில் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். அந்தக் கல்லை வாங்கு.

அதில் ஒரு குறை உண்டு. அது கனமான கல். பசிபிக் தீவுக் கல்லைப் போலத் துளை நிறைந்ததல்ல. ஒரு கேலன் தண்ணீருக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். உன் தொட்டிக்கு 18 முதல் 27 கிலோ வரும். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டியை அடைக்காதே. வேலை செய்வது எடையல்ல, துளைகள். கல்லின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள் துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். மூன்று நான்கு கிலோ உயிர்க்கல் எடுத்துக்கொள். மிச்சத்துக்குத் துளை நிறைந்த உலர்ந்த கல் போதும். உயிர்க்கல்லிலிருந்து உயிர் அதற்குப் பரவும். பொறுமை மட்டும் வேண்டும். முதல் சில மாதங்கள் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்து பார்க்கவே பிடிக்காது. அதற்காகக் கலைத்துவிடாதே.

கடைக்கு நேரில் போ. கையுறை போட்டுக் கல்லை எடுத்து முகர்ந்து பார். கரையில் நின்றால் அடிக்குமே, அந்த வாசம் இருந்தால் நல்ல கல். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அது இரண்டாம் நாள் குவியல். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருந்தால் நல்லது. கடல் தண்ணீர் நிரப்பிய வாளியில் மூழ்க வைத்தே வீட்டுக்குக் கொண்டுவா. காற்றுப் பட்டால் கடற்பஞ்சுகள் செத்துவிடும்; அவை செத்தால் தண்ணீர் முழுவதும் அம்மோனியா.

வந்ததும் தொட்டியில் போடாதே. தனிப் பெட்டியில், உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி, நல்ல நீரோட்டம் வைத்துப் போட்டுவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்.

கல்லோடு விருந்தாளிகளும் வருவார்கள். முள்புழுவைக் கண்டு பயப்படாதே, அது எச்சத்தைத் தின்று சுத்தம் செய்யும். வெறுங்கையால் மட்டும் தொடாதே. கண்ணாடி போன்ற உடலும் நீண்ட உணர்விழைகளுமாக ஒரு சின்ன கடல் சாமந்தி தெரிந்தால், அது ஐப்டேசியா. பிய்த்து எடுத்தால் ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். அது இருக்கும் கல்லை வாங்காமலிருப்பதே உத்தமம். இரவில் சுண்டுவது போல டக் டக் என்று சத்தம் கேட்டால், கொடுக்கைச் சொடுக்கிச் சத்தமிடும் 'சுடும் இறால்' ஆகவும் இருக்கலாம், மீனை அடித்துக் கொல்லும் மான்டிஸ் இறாலாகவும் இருக்கலாம். ஆளைப் பார்க்காமல் முடிவு செய்யாதே.

இதை மட்டும் இரண்டு முறை படி. கல்லில் வேண்டாதது எது வந்தாலும் அதைக் கொதிக்க வைக்காதே. வெந்நீர் ஊற்றித் தேய்க்காதே. மைக்ரோவேவ் பக்கம் கொண்டுபோகாதே. சில கல்லில் பொத்தான் போல ஒட்டியிருக்கும் பாலிதோவா என்ற உயிரில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சூடாக்கினால் அது ஆவியோடு கலந்து மூச்சில் போகும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனையில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் கையுறை இல்லாமல் கல்லைத் தொடாதே. கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கொள். நீ என்ன வயதானாலும் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கல் வந்த அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திரு. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி மெதுவாக அடித்துப் பார். சிவப்பு வெளிச்சத்தை அவை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. துளைக்குத் துளை யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பாம்புவால் நட்சத்திரம் ஒன்று கை நீட்டினால் உடனே எனக்கு எழுது. இங்கே பகலாகத்தான் இருக்கும், விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா