‘வீட்டுலதானே தைக்கிற?’ – என் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அத்தை, மாமா, சித்தி, அண்ணிமார்களுக்கும், கூடப் படித்தவர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும்,

வணக்கம். துணிப்பை தைத்து விற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் வாங்கியவர்கள் நீங்கள்தான். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஆர்டர் வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை மிஷின் ஓடியது உங்களால். அதை மறக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் "என்னை மட்டும் குத்திக் காட்டுறியா?" என்று வரும். அதனால் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

"வாடகை இல்ல, ஆள் கூலி இல்ல, வீட்டுலதானே தைக்கிற, பார்த்துப் போட்டுக்கொடு." இதுதான் விஷயம்.

ஆள் கூலி உண்டு. ஆள் நான். இது எனக்கே முதல் வருடம் முழுக்க உறைக்கவில்லை. துணி, நூல், ஜிப் மூன்றையும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பைக்கு வெட்ட 12 நிமிடம், தைக்க 38, பிசிறு நறுக்கித் தேய்த்து மடிக்க 10. "அந்தப் பச்சை ரொம்ப அடர்த்தியா இருக்குமோ?" என்று நீங்கள் கேட்க, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, டியூப் லைட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்து அனுப்ப இன்னொரு 15. ஆக ஒன்றேகால் மணி நேரம்.

அந்த 38 நிமிடத்தில் பெரும்பகுதி கைப்பிடிக்குப் போகிறது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போல இரண்டு தையல் போட வேண்டும், நாலு முனையிலும். பாரம் முழுக்க அங்கேதான் விழும், பிய்வதும் அங்கேதான். பாதிச் சதுரத்தில், மிஷினுக்கு அடியில் ஓடும் பாபின் நூல் தீர்ந்துவிட்டால் மேலிருந்து பார்க்கத் தெரியாது. ஊசி பாட்டுக்குக் குத்திக்கொண்டே போகும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒன்றும் பிடித்திருக்காது. பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று நீங்கள் அழைப்பு மணி அடிப்பதும் சரியாக அப்போதுதான்.

அப்புறம் நீங்கள் குறைக்கச் சொல்லும் அந்தப் பத்து சதவீதம். விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 75 போக எனக்கு நிற்பது 25. நீங்கள் கேட்டபடி 10 குறைத்தால் நிற்பது 15. முழு விலைக்கு மூன்று பை விற்று வரும் 75-ஐ, குறைத்த விலையில் ஐந்து பை தைத்தால்தான் பார்க்க முடியும். உங்களுக்குப் பத்து, எனக்கு இரண்டு பை கூடுதல் உழைப்பு.

"பெரிய கம்பெனியெல்லாம் கார் ஷெட்லதான் ஆரம்பிச்சாங்க" என்று மாமா தெம்பு சொல்வார். உண்மைதான். கம்ப்யூட்டர், பிரிண்டரில் ‘எச்.பி.’ என்று பார்க்கிறோமே, அந்த ஹியூலெட்டும் பேக்கர்டும் 1939-ல் ஒரு வாடகை வீட்டுக் கார் ஷெட்டில்தான் கம்பெனி தொடங்கினார்கள். அப்போது அவர்கள் செய்த மின்னணுக் கருவிகளின் முகப்புத் தகட்டில் அடித்த பெயின்ட்டை, பேக்கர்டின் மனைவி லூசிலின் சமையலறை ஓவனில் வைத்துக் காயவைத்தார்கள். அவர் வெளியில் வேலைக்குப் போய்க்கொண்டே கம்பெனியின் எழுத்து வேலையையும் பார்த்தார். அப்படியிருந்தும் முதல் கருவிக்கு வைத்த விலை கட்டுப்படியாகாது என்று அவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது. போட்டிக் கருவி பல மடங்கு விலையில் இருந்ததால் தப்பித்தார்கள். விலையை ஏற்ற இடமிருந்தது. எனக்குப் போட்டி தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தைத்து வரும் பை, மாமா. ஏற்றவும் இடமில்லை, இறக்கவும் இடமில்லை.

கடன் பாக்கியைப் பற்றி நீட்டி எழுதக் கூச்சமாக இருக்கிறது. துணியை நான் ரோலாக, முன்பணம் கட்டித்தான் எடுக்கிறேன். உங்கள் "அடுத்த மாசம் தர்றேன்" எல்லாம் சேரும்போது அடுத்த ரோலுக்குக் கையில் காசு இருப்பதில்லை. நோட்டில் லாபம் தெரிகிறது, பெட்டியில் பணம் இல்லை. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று கடைக்காரர் எழுதி மாட்டிவிடுவார். என் ஹாலில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு மேலே, அதை நான் எப்படி மாட்டுவது?

போன வருடம் ஒரு குடும்ப விழாவுக்கென்று 60 பை, பெயர் அச்சடித்து. தேதி தள்ளிப்போய், பிறகு வேண்டாம் என்றாகிவிட்டது. யார் என்று சொல்லப்போவதில்லை. முன்பணம் கேட்காதது என் தவறு. அந்தப் பெயரோடு வேறு யாரிடம் விற்பது? இப்போது அவற்றில் துண்டுத்துணி அடைத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து, ஆர்டர் என்றால் பாதிப் பணம் முதலில். அச்சு வேலை என்றால் முழுவதும். விலை எல்லோருக்கும் ஒன்றுதான். உறவுக்காக ஏதாவது செய்ய ஆசை வந்தால் ஒரு பையைச் சும்மாவே தருவேன், நோட்டில் ‘அன்பளிப்பு’ என்று எழுதிவிட்டு. காலை பத்திலிருந்து நாலு வரை நான் வேலையில் இருப்பேன். கதவு திறக்காவிட்டால் கோபம் இல்லை, மிஷின் சத்தம்.

சித்தி, உங்கள் நீலப் பை தயார். கைப்பிடியை நீங்கள் கேட்டபடி நீளமாக வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் வாருங்கள், போன தடவை பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்