சேப்பாக்கத்திலிருந்து பரோடாவுக்கு

அன்புள்ள ராஜுவுக்கு,

கடிதமும் லட்சுமி விலாஸ் அரண்மனைப் படங்களும் கிடைத்தன. பேத்தி குஜராத்தியில் உன்னையே மடக்குகிறாள் என்று படித்து வீட்டில் ஒரே சிரிப்பு. எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான், மற்றபடி சௌக்கியம்.

"நம்ம செனட் ஹவுஸ் ஜாடை அடிக்குதே" என்று அந்த அரண்மனையை நம்ம மெட்ராஸ் பல்கலைக்கழகக் கட்டடத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தாய். அடிக்காதா பின்னே? அரண்மனையை முடித்துக் கொடுத்தது, இங்கே செனட் ஹவுஸைக் கட்டிய வெள்ளைக்காரக் கட்டடக்கலைஞர், நம்ம ராபர்ட் சிசோம்தான். முதலில் வரைந்தவர் மேஜர் சார்லஸ் மாண்ட். கணக்கு தப்பிவிட்டது, கட்டியதெல்லாம் இடிந்து விழும் என்ற பயத்திலேயே புத்தி பேதலித்து 1881-இல் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. கட்டடம் என்னவோ குத்துக்கல்லாட்டம் நிற்கிறது!

சிசோம் 1840-இல் லண்டனில் பிறந்தவர். மாநிலக் கல்லூரிக்கு வரைபடப் போட்டி வைத்தபோது ஜெயித்து மெட்ராஸுக்கு வந்தார். 1870-இல் முடிந்த அந்தக் கல்லூரியில் இத்தாலி வாடைதான். நாலு முகக் கடிகாரம் வைத்த கும்மட்டம் 1940-இல் வந்தது, அதை அவர் கணக்கில் எழுதாதே. அதே கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வடக்கே நடந்தால் செனட் ஹவுஸ், 1874-இல் ஆரம்பித்து 1879-இல் முடித்தது. நாலு மூலையிலும் கும்மட்டம் வைத்த கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். இரண்டையும் வரைந்தது ஒரே கைதான், ஆனால் வேறு வேறு ஆள் என்று தோன்றும்.

நடுவில் என்ன நடந்தது? பழுதுபார்க்கும் வேலை என்பேன் நான். கவர்னர் நேப்பியர் அவரை மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் சீர்செய்ய அனுப்பினார். அந்தத் தூண்களின் பருமனையும் சுதை வேலையையும் கிட்டே நின்று பார்த்தவர், மறுபடி லண்டன் பாணியில் கோடு போட்டிருக்க முடியுமா? இந்த ஊர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கைவந்த கலைதான் இங்கே கட்ட உகந்தது என்று வாதாடவே தொடங்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் 1880-இல் முடிந்த நேப்பியர் மியூசியம் கேரளக் கூரையும் மர வேலைப்பாடுமாக நிற்கிறது. மெட்ராஸ் ஜி.பி.ஓ.விலும், அதுதான் தலைமைத் தபால் நிலையத்திலும், அந்தச் சாயல் தெரியும். வட்டி பதியப் போகும்போதெல்லாம் பாஸ்புக்கை நீட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன், பின்னால் நிற்பவர் தோளில் தட்டுவார்.

இத்தனையையும் "இந்தோ-சாரசெனிக்", அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளின் கலவை, என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் சேப்பாக்கம் மாளிகை என்னை உறுத்துகிறது. அங்கே இருந்த ஆற்காட்டு நவாப்களில் கடைசி நவாப் 1855-இல் வாரிசில்லாமல் இறந்ததும், கடனுக்கு ஏலம் போட்டு அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. மாளிகையின் இரு பகுதிகளான ஹுமாயூன் மகாலுக்கும் கலச மகாலுக்கும் நடுவே சிசோம் ஒரு கோபுரம் எழுப்பினார். அதுவும் நவாப் கட்டியதுதான் என்று நினைக்கும்படி அவ்வளவு பொருத்தம்! வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு அவர் ரசனையிலேயே ஆபீசுக்குச் சேர்க்கை கட்டினால் கெட்டிக்காரத்தனம் என்பதா, வேறென்ன சொல்வது? 2012-இல் கலச மகால் தீயில் கருகியது. திரும்பச் செப்பனிட்டு, இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது.

கடைசிக் காலத்தில் லண்டனுக்கே திரும்பி, 1907-இல் பைசாண்டிய பாணியில் ஒரு தேவாலயம் கட்டினார். இன்று அது கடோகன் ஹால் என்ற கச்சேரி மண்டபம். 1915-இல் காலமானார்.

உனக்கு ஒரு வேலை. பரோடா கல்லூரியின் பெரிய கும்மட்டமும் அவர் வரைந்ததுதான், பிஜப்பூர் சுல்தானின் சமாதியான கோல் கும்பஸை மனதில் வைத்து. உள்ளே விட்டால் நேர் கீழே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு.

மார்கழிக்கு வருகிறாயா, இல்லையா? சபா டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
சேது