பேரல் பாதியை மட்டும் அக்காவிடம் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்தன. ரொம்ப நாளைக்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு செய்தி என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஆசையாக வந்து பார்த்தாள். துப்பாக்கி என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சரி, அதை விடு.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இது எந்த வருஷத்துத் துப்பாக்கி, இன்னும் சுடுமா என்று. ராத்திரி இரண்டரை மணிக்குக் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்கு இங்கிருந்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, பேரலை, அதாவது குழலை, கையில் வாங்கிப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. அதுவரை எந்தத் தோட்டாவையும் அதில் போடாதே. போனிலேயே சொல்லியிருப்பேன், நீதான் எடுப்பதில்லையே.

முதலில், நீ எழுதியிருக்கிற மாதிரி அது வின்செஸ்டர் மாடல் 1897 இல்லை. 1897-க்குச் சுத்தியல் வெளியே, ரிசீவர் என்கிற நடு இரும்புக் கூட்டின் பின்னால், கட்டைவிரலுக்கு எட்டும்படி நீட்டிக்கொண்டிருக்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரியவர் உனக்கு எழுதி வைத்த துப்பாக்கியில் சுத்தியல் உள்ளேயே இருக்கிறது. ரிசீவரின் முதுகு வழவழவென்று சரிந்து பின்பக்க மரக்கட்டையோடு சேர்கிறது பார். அது வின்செஸ்டர் மாடல் 12. அவர்களிடம் வேலை பார்த்த டி.சி. ஜான்சன் செய்தது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பெயர் சொன்ன பையன் நீ. பெரியவர் என் எதிரிலேயே சொல்வார், உன் மகனுக்கு இருக்கிற கை உனக்கு இல்லை என்று. நாற்பது வருஷம் லேத்தில் நின்றவனிடம் அப்படிச் சொல்வார். எனக்குக் கோபம் வராது, பெருமையாக இருக்கும். அந்தக் கைக்கு 1897-க்கும் 12-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? தூக்கமில்லாமல் எழுதியிருப்பாய்.

வருஷத்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கி முதலில் 1912-ல் 20 கேஜில், அதாவது அந்தக் குழல் அளவில், மட்டும்தான் வந்தது. 12, 16 எல்லாம் அதற்கப்புறம். ஆரம்பத்தில் பேரலில் 'மாடல் 1912' என்றே அடித்தார்கள். 1919 வாக்கில் அதைச் சுருக்கி 'மாடல் 12' ஆக்கினார்கள். உன் படத்தில் 'மாடல் 12' என்றுதான் இருக்கிறது. கூடவே 'நிக்கல் ஸ்டீல்' என்றும் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அந்த முத்திரையை நிறுத்திவிட்டு 'புரூஃப் ஸ்டீல்' என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இது 1920-களின் சரக்கு என்று தெரிந்துவிடுகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து நீ எடுத்த அந்தப் படத்தில்தான் இது தெரிந்தது. மற்ற படங்களில் எழுத்து மங்கல். நன்றாக எடுத்திருக்கிறாய்.

ரிசீவருக்கு அடியில் முன்பக்கம் ஒரு சீரியல் எண் இருக்கிறது, அதை அனுப்பிவிட்டாய். அதே எண் இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். பேரல் ரிசீவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வளையம் வருமே, அதன் அடியில். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இந்தப் பேரல் இந்த ரிசீவரோடு பிறந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள். எண்ணை வைத்து வருஷம் சொல்கிற அட்டவணைகள் ஒன்றுக்கொன்று சில வருஷம் முன்பின்னாக இருக்கும், அதனால் நான் அவற்றை மட்டும் நம்புவதில்லை. முத்திரை, எண், கட்டையின் வேலைப்பாடு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பேன். ஓவலுக்குள் டபிள்யூவும் பி-யும் பின்னிய முத்திரை பேரலிலும் ரிசீவரிலும் இருக்க வேண்டும். பேரலில் இருப்பதை மட்டும் காட்டியிருக்கிறாய். எனவே பேரல் பாதியைக் கழற்றி அனுப்பு. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ரெமிங்டனாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பேரலின் இடது பக்கம் இரண்டு மூன்று எழுத்து இருக்கும், மாதமும் வருஷமும் அதிலேயே வந்துவிடும். மாதத்துக்கு 'பிளாக்பவுடர்' (BLACKPOWDER), கடைசியில் ஒரு எக்ஸ், மொத்தம் பன்னிரண்டு எழுத்து. பி ஜனவரி, எல் பிப்ரவரி என்று வரிசையாக. நீ மே மாதம் பிறந்தவன் என்பதால் உனக்கு 'கே'. சின்ன வயதில் வீட்டில் எல்லாருக்கும் எழுத்து வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், அக்காவுக்கு எக்ஸ். அவள் அதற்கு அழுதாள். மாப்பிள்ளையின் ரெமிங்டன் 870-ஐப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அதிலும் ஒன்று, அந்த எழுத்து பேரலின் வயதைத்தான் சொல்லும். 870-க்குப் பேரல் மாற்றுவது சுலபம், ரிசீவர் வேறு வருஷமாக இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். கவனமாகப் படி. உன்னுடையது 16 கேஜ். அந்தக் காலத்து 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, 2 9/16 அங்குலம்தான். இன்று கடையில் கிடைக்கிற 16 கேஜ் தோட்டா 2 3/4 அங்குலம். வித்தியாசம் 3/16 அங்குலம், ஒரு சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்கூட இல்லை. தடுக்காமல் உள்ளே போய்விடும், அதுதான் வினை. பெட்டியில் போட்டிருக்கிற நீளம் சுட்டு விரிந்த பிறகு இருக்கும் நீளம். மடித்த வாய் மூடியிருக்கும்போது தோட்டா அதைவிடக் குட்டை. சுட்டதும் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் பேரல் குறுகும் இடத்துக்குள் போய் முட்டும், அழுத்தம் ஏறும். சில துப்பாக்கிகளுக்குப் பின்னால் யாராவது சேம்பரை நீட்டிக் கொடுத்திருப்பார்கள். பெரியவர் செய்தாரா என்று எனக்கு அவர் சொன்னதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்கிற கருவி என்னிடம் இருக்கிறது. அதனால்தான் பேரல் பாதியைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாடலில் விசையை விடாமல் அழுத்திக்கொண்டே பம்ப்பை, அதாவது முன் கைப்பிடியை, முன்னே தள்ளினால் தானாக வெடிக்கும். பின்னால் வந்தவற்றில் அதற்குத் தடை இருக்கிறது, இதில் இல்லை. நூறு வருஷம் தேய்ந்த இரும்பு. தெரிந்த ஒரு கம்மியர் பார்க்காமல் யாரும் இதைச் சுடக் கூடாது, நீ மட்டுமில்லை. ஸ்டீல் குண்டு போட்ட தோட்டா வேண்டவே வேண்டாம். 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு அமெரிக்கா முழுக்க ஈயக் குண்டைத் தடை செய்ததும், ஆள் ஆளுக்குத் தாத்தா துப்பாக்கியில் ஸ்டீலைப் போட்டு, வாயருகே மோதிரம் மாட்டின மாதிரி பேரல் வீங்கி எங்கள் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டையின் கழுத்தில், ரிசீவரோடு சேருகிற இடத்தில், மரம் கறுத்திருக்கிறது. அது அழுக்கில்லை, எண்ணெய். மூலையில் வாய் மேலாக நிறுத்தி வைத்திருக்கிறாய், எண்ணெய் இறங்கி மரத்தில் ஊறுகிறது. ஊறிய வால்நட் மெத்தென்று ஆகி, கழுத்தில் வெடிப்பு விடும். பெரியவர் எப்போதும் வாயைக் கீழே வைத்துத்தான் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை பென்சில்வேனியாவில் வேட்டைக்குப் போகக் கூடாது என்று அப்போது சட்டம். அன்றைக்குத்தான் அவர் சமையலறை மேசையில் இதைப் பிரித்துப் போட்டுத் துடைப்பார், நீ துணியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாய்.

அதே படத்தில் பின்னால் சுவர் தெரிகிறது. ஆணி மட்டும் இருக்கிறது. படத்தை எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. ஜன்னல் துணியும் பகலிலேயே இழுத்து மூடியிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அவள் போனது உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ள விஷயம். ஆனால் வீட்டில் வெளிச்சம் வரட்டும், தம்பி.

சுத்தம் செய்வது பற்றி. மேசையில் இருக்கிற அந்த ஸ்ப்ரே டப்பாவை மூடி வை. அது ஈரத்தை விரட்டும், அவ்வளவுதான். நாளானால் பிசுபிசுவென்று கோந்து மாதிரி உறைந்து உள்ளே ஒவ்வொன்றையும் பிடித்துக்கொள்ளும். நல்ல துப்பாக்கி எண்ணெய், துணியில் இரண்டு சொட்டு போதும். பழுப்பேறிய இடங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே, கடையில் கொடுத்து இரும்புக்குப் புதிதாக நீலப் பூச்சு ஏற்றவும் செய்யாதே. அப்படிச் செய்த மறுநாளே சேகரிப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையான செந்துரு இருந்தால் மட்டும், 0000 என்று போட்ட மிக மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் தொட்டு, அழுத்தாமல். திருகுகளை வீட்டு ஸ்க்ரூடிரைவரால் தொடாதே, தலை சிதைந்துவிடும். பஞ்சு வைத்த பையில் பூட்டி வைக்காதே, அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

இதையெல்லாம் நீ செய்ய வேண்டாம். இங்கே வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். பெரியவர் இறுதிச் சடங்குக்கு அவ்வளவு தூரம் வந்தாய், வீட்டுக்கு வராமலேயே திரும்பிப் போனாய். அம்மா சமைத்து வைத்துக் காத்திருந்தாள். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் உயிலில் உன் பெயரை எழுதியபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொந்தப் பேரன்கள் இருக்க, உனக்கு எழுதினார்.

முழுத் துப்பாக்கியை எனக்கு அனுப்ப வேண்டாம். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் கை மாற வேண்டும், பெரிய வேலை. ஆனால் சட்டத்தின் கண்ணில் ரிசீவர்தான் துப்பாக்கி, பேரல் வெறும் உதிரிபாகம். யார் வேண்டுமானாலும் எடுத்துவரலாம். மாடல் 12 இரண்டாகக் கழல்வது உனக்குத் தெரியும். தோட்டா நிற்கும் மேகசின் குழாயைக் கால் வட்டம் திருப்பு, முன்னால் இழு, பேரலைத் திருப்பு, கையோடு வந்துவிடும்.

அக்காவுக்கு உன் ஊர்ப்பக்கம் ஏதோ வேலை இருக்கிறதாம். சனிக்கிழமை சிகாகோவிலிருந்து காரிலேயே வருகிறாள். இரண்டு நாள் தங்குவாள். அவளும் பெரியவர் வீட்டில் இதைப் பிரித்துப் பழகியவள்தான், அவளே கழற்றிக்கொள்வாள். பேரல் பாதியை அவளிடம் கொடுத்துவிடு. ரிசீவர் உன்னிடமே இருக்கட்டும், உன் சொத்து உன்னுடையதுதான், யாரும் பிடுங்கவில்லை. அளந்து, சுத்தம் செய்து, எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, நீ இங்கே வரும்போது உன் கையில் தருகிறேன்.

இன்னும் சுடுமா என்று ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடு. வயதாகிவிட்டது, நானும் விழித்துக்கொண்டுதான் கிடக்கிறேன். இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் கூப்பிடுவேன், எடு. துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா பேசுவாள், கேட்டுக்கொண்டிரு.

அன்புடன்,
அப்பா

பி.கு: தோட்டா ஏதாவது வாங்கி வைத்திருந்தால், ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் பெட்டியோடு அக்காவிடம் கொடுத்துவிடு. உன் துப்பாக்கிக்கு அது ஆகாது. மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவரிடம் 16 கேஜ் இருக்கிறது, அவருக்கு உதவும்.